பாய்மரத்தில் யாக்கோபின் கை

1

ஆமாம், குத்தினேன். பெற்ற மகனின் வலது கையில் கத்தியை இறக்கியது நான்தான். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

போன வாரம் பழவேற்காட்டிலிருந்து துணிமூட்டை ஏற்றிவந்த கப்பலில் என் அண்ணன் மகன் ஏகாம்பரம் இங்கே பத்தாவியாவில் வந்து இறங்கினான். வீட்டுக்குள் நுழைந்தவன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"அத்தே, ஊர்ல ஒரு பேச்சு அடிபடுது. நீ பெத்த புள்ளய நீயே கத்தியால குத்திட்டேன்னு சொல்லிக்கிறாங்க. மெய்யா?" என்றான்.

"யார்டா சொன்னது?"

"நம்ம பசியாவரத்துல எல்லாருக்கும் தெரியும் அத்தே. ஒல்லாந்தனக் கட்டிக்கினு போனவளுக்கு நெஞ்சும் கல்லாப் பூட்சுன்னு பேசிக்கிறாங்க."

அடுப்பில் இருந்த மீன் அதற்குள் கருகிவிட்டது. கருகின மீனையே அவனுக்குப் போட்டேன். ஊர்ப் பேச்சைச் சுமந்துகொண்டு கடல் தாண்டி வந்தவனுக்கு அது போதும்.

சரி, பேசுகிறவர்கள் முழுசாகத் தெரிந்துகொண்டு பேசட்டும். அது நடந்து நாளையோடு ஒரு வருடம். ஏகாம்பரம் திரும்பும்போது இந்தக் கடுதாசியைக் கொண்டுவருவான். படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் கரையில் நின்று உரக்கப் படியுங்கள். பாதியில் எழுந்து போகிறவன் எவனும் அப்புறம் என்னைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

2

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். அதைப் பற்றியும் அங்கே கண்டபடி பேசுகிறார்கள் என்று கேள்வி. நான் பிணம் அறுத்துப் பிழைக்கிறவள் இல்லை. அறுக்கிறேன், அது வேறு விஷயம். பிழைப்பு பாடம் சொல்லிக்கொடுப்பது.

இங்கே கப்பலில் ரணவைத்தியனாகப் போக வேண்டுமென்றால் பெரிய வைத்தியருக்கு முன்னால் பரீட்சைக்கு நிற்க வேண்டும். பீரங்கி மேடைக்கோ கப்பல் பட்டறைக்கோ போகிறவனுக்குத் தனிப் பரீட்சை. எந்தப் பாரத்தை எத்தனை கப்பி போட்டுத் தூக்கலாம், எந்த மரம் எவ்வளவு தாங்கும் என்று கேட்பார்கள். அந்த அறை வாசலில் என்னை நிற்கக்கூட விடமாட்டார்கள். ஆனால் உள்ளே போய் நிற்கிறவர்களில் பாதிப் பேர் என் முற்றத்தில் குந்தி எழுந்தவர்கள்.

புதிதாக வருகிற ஒவ்வொருவனும் முகத்தைச் சுளிப்பான். கறுத்த பொம்பளை, காலில் செருப்பு இல்லை, இவளுக்கு என்ன தெரியும் என்று பார்ப்பான். உங்களுக்குத் தெரியுமே, என்னைப் பெற்ற நைனா படகு கட்டுகிறவர். கோட்டைக்காரர்கள் வெடிமருந்து ஆலை வைத்தபோது மருந்து இடிக்கும் உலக்கைகளைத் தூக்குகிற சக்கரத்துக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். நான் கூடவே போய்க் கயிறு பிடித்தேன். எந்தக் கயிறு எங்கே அறும், எந்த மரம் எந்தப் பக்கம் பிளக்கும் என்று அங்கேதான் பழகினேன். பிறகு ஒருநாள் ஆலை வெடித்தது. வேலியில் ஒருவனுடைய கால் மட்டும் தொங்கியது. நைனாவை ஒரு பாயில் அள்ளினோம், பாய் நிறையவில்லை. அடிபட்டுக் கிடந்தவர்களை அமுக்கிப் பிடிக்க ஆள் இல்லாமல் கோட்டையின் சின்ன வைத்தியர், ஓர் ஒல்லாந்துக்காரர், கத்திக்கொண்டிருந்தார். நான் நைனாவை விட்டுவிட்டுப் போய்ப் பிடித்தேன். ஒருத்தன் என் தோளைக் கடித்தான். விடவில்லை. அந்த வைத்தியரைத்தான் பிறகு கட்டிக்கொண்டேன்.

பல வருடம் அவர் வெட்டினார், நான் பிடித்தேன். அவருக்குக் கண் மங்கின பிறகு நான் வெட்டினேன், அவர் பிடித்தார். இங்கே மாற்றலாகி வந்ததும் காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு மிஞ்சியது அவருடைய கத்திப்பெட்டியும் எங்கள் மகன் யாக்கோபும்.

நான் எல்லாரையும் நண்டில் ஆரம்பிப்பேன். நம் ஏரிச் சேற்று நண்டு மாதிரியே இங்கும் உண்டு. காலை ஒடித்து, முறிந்த இடத்தில் தெரிகிற வெள்ளை நாரைப் பிடித்து இழுக்கச் சொல்வேன். செத்த நண்டின் கொடுக்கு மூடிக்கொள்ளும். புதுசாக வந்தவன் கத்துவான், பழையவர்கள் சிரிப்பார்கள். "உன் விரலும் இதுதான்டா. விரலுக்குள்ள ஓடறது கயிறு. இஸ்கிறவன் மேல முழங்கைக்கிட்ட குந்திக்கினு இருக்கான். கயிறு அறுந்துச்சுன்னா விரல் இருந்தும் இல்லாத மாதிரி" என்பேன். இதை நான் ஒல்லாந்து மொழியில்தான் சொல்ல வேண்டும். கோபம் வந்தால் என் ஒல்லாந்து பாதியிலேயே தமிழாக மாறிவிடும். பையன்களுக்கு அதுவும் பழகிவிட்டது. நண்டு முடிந்த பிறகு கப்பியும் கயிறும். வைத்தியம் படிக்க வந்தவனும் கப்பி இழுக்க வேண்டும், பட்டறைக்குப் போகிறவனும் நண்டை ஒடிக்க வேண்டும். என்னிடம் இரண்டுக்கும் ஒரே பாய்தான்.

3

ஒரு மேசை, ஒரு கத்திப்பெட்டி, நாலு மாணவர்கள். யார் முதலில் கத்தி எடுப்பது என்று தினமும் அடிதடி. ஒருத்தன் மூக்கை இன்னொருத்தன் உடைத்து, அதை நானே வைத்துக் கட்ட வேண்டிவந்தது. அப்போதுதான் பாடு வைத்தேன். நம் ஏரியில் வலை கட்டும் இடத்துக்குச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று முறை வைக்கிறோமே, அதேதான். இன்று ஒருவன் பாடு என்றால் ராஜாவே வந்தாலும் அந்த இடத்தில் வலை இறக்க முடியாது. சோழி உருட்டி நாலு பேருக்கும் முறை பிரித்தேன். ஒல்லாந்துப் பையன்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவர்களே "இன்னைக்கு யார் பாடு?" என்று கேட்டுக்கொண்டே படியேறினார்கள்.

நாலு பேரில் ஒருவன் யாக்கோபு. அப்பா செத்த பிறகு அவன் தமிழில் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தான். நான் கேட்டால் ஒல்லாந்தில் பதில் வரும். சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவான். தெருவில் என்னோடு நடந்தால் நாலடி தள்ளி நடப்பான். "வெளியில் என்னைக் கூப்பிடாதே, நீ கூப்பிடும்போது என் பேரே வேறு மாதிரி இருக்கிறது" என்று ஒருநாள் சொன்னான். ஆனாலும் கத்தி பிடித்தால் அப்பாவின் கை. அந்த வருடம் பரீட்சையில் அவன்தான் முதலில் தேறுவான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.

இன்னொருவன் வில்லம். கெட்டவன் இல்லை. அவசரக்காரன். அவனுடைய தாய்மாமன் ஒரு கப்பலின் கப்பித்தான். துறைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற அந்தக் கப்பலில் அடிபட்ட மாலுமிகளைப் படுக்கவைத்திருந்தார்கள். மருமகன் தேற வேண்டும் என்பதற்காகக் கப்பித்தான் எங்களைக் கப்பலுக்கு வரவிட்டார். அதற்கும் கரையில் எழுத்தனிடம் முத்திரைச் சீட்டு வாங்க நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். இந்த வாசலில் போனால் அந்த வாசலுக்குப் போ என்பான். அந்த வாசலில் போனால் விதவைக்கு எந்த வாசல் என்று எழுதவில்லை என்பான்.

அன்று ஒரு மாலுமியின் விரல் நங்கூர வடத்தில் மாட்டி நசுங்கியிருந்தது. எடுத்தாக வேண்டும். அன்றைய பாடு யாக்கோபுக்கு. அவன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வில்லம் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்து மாலுமியின் கையைப் பிடித்துவிட்டான்.

"வை. என் பாடு," என்றான் யாக்கோபு.

"என் மாமா கப்பல். உன் அம்மாவின் சோழி இங்கே செல்லாது," என்றான் வில்லம்.

நான் நோயாளியின் தலைமாட்டில் இருந்தேன். வாயைத் திறப்பதற்குள் யாக்கோபு அந்தக் கத்தியைப் பிடுங்கி வில்லத்தின் முகத்தில் கீறிவிட்டான். காதுக்குக் கீழிருந்து வாயோரம் வரை கன்னம் திறந்துகொண்டது. உள்ளே பல் தெரிந்தது. மேசையில் கிடந்த மாலுமியே எழுந்து ஓடினான்.

கரண்டியால் சாப்பிட்டால் என்ன, ஒல்லாந்துச் சட்டை போட்டால் என்ன, தன் பாட்டில் ஒருத்தன் கை வைத்ததும் பயல் அசல் பசியாவரத்தான் ஆகிவிட்டான். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது என்றால் காறித் துப்புவீர்கள். துப்புங்கள்.

4

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ள இந்தப் பத்தாவியாவில் ஓர் ஆள் கிடையாது. உங்களுக்குப் புரியும்.

ஏகாம்பரத்தின் அப்பன், அதாவது என் அண்ணன், முகத்துவாரத்தில் எதிர்க்கரைக்காரன் ஒருவன் மண்டையைத் துடுப்பால் பிளந்தானே, பெரியவர்களுக்கு நினைவு இருக்கும். நம்ம பாட்டில் அவன் வலை கட்டியிருந்தான். அடித்த அடியில் அவனுடைய ஒரு காது தண்ணீரில் விழுந்தது. அன்று சாயங்காலத்துக்குள் எதிர்க்கரைப் படகுகள் எல்லாம் நம் கரைக்கு வந்துவிட்டன. ஒவ்வொருத்தன் கையிலும் கழி. அண்ணனைக் கொல்லாமல் போக மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அம்மா குடிசையிலிருந்து வலைக்கழியோடு வந்தாள். யாரோடும் பேசவில்லை. அண்ணனை அடிக்க ஆரம்பித்தாள். முதுகில், முழங்காலில், வாயில். பல் இரண்டு தெறித்தது. ரத்தம் கக்கினான். நான் அவள் காலைக் கட்டிக்கொண்டேன், என்னையும் உதைத்தாள். கடைசியில் எதிர்க்கரைப் பெரியவர்தான், "போதும் தாயி, போதும்" என்றார். கழிகளை எல்லாம் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனார்கள்.

அதுதான் நம் கரை நியாயம். கை ஓங்கினவனை அவன் வீட்டுப் பொம்பளையே எல்லார் கண்முன்னாலும் அடித்துவிட்டால் வழக்கு தீர்ந்தது. அதற்கு மேல் அவன் மேல் கை வைக்கிறவன் ரெண்டு கரைக்கும் பகை.

கப்பலில் வில்லத்தின் ரத்தத்தைப் பார்த்ததும் மாலுமிகள் தடியும் இரும்புமாக ஓடிவந்தார்கள். கப்பித்தானும் வந்தார். யாக்கோபு கத்தியோடு சுவரில் சாய்ந்து நின்றான். அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். கீழே கிடந்த தார்க் கயிற்றின் முடிச்சு முனையைப் பிடித்துக்கொண்டு யாக்கோபு மேல் பாய்ந்தேன். "இன்னாடா பண்ணே, படுபாவி, இன்னாடா பண்ணே" என்று கத்திக்கொண்டே அடித்தேன். கத்தி அவன் கையிலிருந்து விழுந்தது. கீழே விழுந்த பிறகும் அடித்தேன். சட்டை கிழிந்து முதுகு தெரிந்தது. முதுகும் கிழிந்தது. என் கை ஓய்ந்த பிறகு கயிற்றைக் கொண்டுபோய்க் கப்பித்தான் காலடியில் வைத்துவிட்டு, அம்மா நின்ற மாதிரியே தலை குனிந்து நின்றேன்.

போதும் தாயி என்று அந்த ஆள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"பெற்றவளே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள். விசாரணை தேவையில்லை. சங்கிலி போடுங்கள்," என்றார் கப்பித்தான்.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் யாக்கோபைக் கீழ்த்தளத்துக்கு இழுத்துப் போய்விட்டார்கள். வில்லம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவனை மேசையில் படுக்கவைத்து நானே தைத்தேன். என் மகன் கிழித்ததைப் பட்டு நூலில், வாய் கோணாமல், மெல்லத் தைத்தேன். அவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே கிடந்தான்.

5

கப்பல் சட்டம் என்று ஒன்று உண்டு. கப்பலில் ஒருவன் இன்னொருவன் மேல் கத்தி எடுத்தால், எடுத்த கையை அதே கத்தியால் பாய்மரத்தில் அறைவார்கள். அவனே கையை இழுத்துப் பிய்த்துக்கொண்டு விடுபட வேண்டும். வேறு யாரும் கத்தியைத் தொடக் கூடாது. பிய்த்துக்கொள்ளும் வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

அறைகிறவன் கப்பலின் நாவிதன். அவன் கைவேலை எனக்குத் தெரியும். அவன் அறைந்த மாலுமி ஒருவன் என்னிடம் வந்திருக்கிறான். உள்ளங்கை நடுவில் நாவிதன் கத்தியைக் குறுக்காக இறக்கியிருந்தான். மூன்று விரல்களின் கயிறு அறுந்து, கை உலர்ந்துபோன நண்டுக் கால் மாதிரி சுருண்டு கிடந்தது. அவனால் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியவில்லை. யாக்கோபுக்கு அப்படி ஆனால் பரீட்சை என்ன, வைத்தியம் என்ன, தன் சட்டைக்குப் பொத்தான் போடக்கூட இன்னொருத்தர் வேண்டும்.

கப்பித்தான் அறைக்கு ஓடினேன். வாசலில் எழுத்தன் மறித்தான். மனு எழுதிக் கரையில் முத்திரை வாங்கிக்கொண்டு வா என்றான். தண்டனை நாளைக்குக் காலையில், முத்திரை கிடைக்க ஒரு வாரம் ஆகும். அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

"நான் அடிச்சுட்டேன். எல்லார் முன்னாடியும் அடிச்சுட்டேன். முடிஞ்சுபோச்சு," என்று எனக்குத் தெரிந்த ஒல்லாந்தில் கத்தினேன்.

"அடித்தாய். அதனால்தான் எனக்கு வேலை மிச்சம்," என்றார் அவர். கோபப்படக்கூட இல்லை. மதிய உணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

காலில் விழுந்தேன். எழுந்திரு என்றார். என் புருஷன் பேரைச் சொன்னேன். நல்ல மனிதர் என்றார். வில்லத்தின் கன்னத்தைத் தைத்தது நான் என்றேன். நன்றி என்றார். இந்த மனுஷனிடம் அழுது பிரயோஜனம் இல்லை என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நாவிதன் வேணாம். கத்திய நானே இறக்குறேன்," என்றேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். பிறகு சிரித்தார். "நீயா? செய். மாலுமிகள் பார்க்கட்டும். ஆனால் ஒன்று. கத்தி ஆடினாலோ, மரத்தில் பிடிக்காமல் நழுவினாலோ, நாவிதன் இரண்டாவது தரம் அறைவான். உள்ளங்கை நடுவில்."

6

நேற்று ஏகாம்பரம் என் வகுப்பைப் பார்க்க உட்கார்ந்தான். தூக்கில் தொங்கினவன் ஒருவனுடைய கை கிடைத்திருந்தது. தோலை உரித்து, விரல் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். செத்த கை இவனைப் பார்த்து விரலை மடக்கியதும் எழுந்து ஓடிப்போய்க் கால்வாயில் வாந்தி எடுத்தான். துடுப்பால் மண்டை உடைக்கிற வம்சம், இதற்கு வாந்தி. மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்குக் கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்தேன்.

அந்தக் கையில் நான் காட்டிக்கொண்டிருந்த இடத்தைத்தான் போன வருடம் யாக்கோபுக்கும் சொன்னேன். காவல்காரனிடம் கெஞ்சிக் கீழ்த்தளத்துக்குப் போனேன். இருட்டு, மூத்திர நாற்றம். அவன் முழங்காலில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தான். முதுகில் நான் கிழித்த இடத்தில் சட்டை ஒட்டிக் காய்ந்திருந்தது.

"கண்ணு, நான் சொல்றத கேளு. இஸ்கும்போது கைய முறுக்காத. தோளால பிடுங்காத. முழங்கைய உடம்போட ஒட்டிக்கோ. முட்டிய மடக்கி அப்டியே தொங்கு. உடம்பு பாரமே இஸ்துக்கும். நேரா கீழ. ஒரே இஸ்ப்பு. பாதில நிறுத்தின, பிசிறா கிழியும்," என்றேன்.

அவன் தலையைத் தூக்கவில்லை. ஒல்லாந்தில்தான் பேசினான். "நானும் வில்லமும் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். கப்பல் ஆடியது, கால் தவறிக் கத்தி மேல் விழுந்தேன் என்று அவன் சொல்வதாக இருந்தான். நீ அடிக்க ஆரம்பிக்கும் முன்னால் கண்ணாலேயே எனக்குச் சொல்லிவிட்டான். அடித்தே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய் நீ."

அப்படி இருக்குமா, அந்த நேரத்தில் அந்தப் பையன்களுக்கு அவ்வளவு தெளிவு இருந்திருக்குமா என்று இன்று வரை தெரியவில்லை. ஆனால் வில்லம் பிறகு என்னிடமும் அதையேதான் சொன்னான்.

"நம்ம ஊர்ல..." என்று ஆரம்பித்தேன்.

"இது உன் ஊர் இல்லை," என்றான்.

நாளை கத்தி இறக்கப்போவது நான் என்று அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் இரவெல்லாம் அதையே நினைத்துக் காலையில் கையை உதறுவான். கை உதறினால் கத்தி இடம் மாறும். கத்தி மட்டும் இடம் மாறவே கூடாது.

7

காலையில் தம்பட்டம் அடித்து எல்லாரையும் மேல்தளத்தில் நிறுத்தினார்கள். வில்லமும் மற்ற இரண்டு மாணவர்களும் முன்வரிசையில். யாக்கோபைக் கொண்டுவந்து பாய்மரத்தின் முன்னால் நிறுத்தி, வலது கையை முகத்துக்கு நேராக, உள்ளங்கை மரத்தில் படும்படி வைத்தார்கள். கப்பித்தான் கத்தியை என்னிடம் நீட்டினார். என் புருஷனின் கத்தி. ஒல்லியான, நல்ல அலகு. நாவிதன் சுத்தியலைக் கொடுத்தான். அவனிடம் சாராய வாடை வீசியது.

யாக்கோபு திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, நீயா?" என்றான். தமிழில் சொன்னான். அவன் வாயில் தமிழ் கேட்டு எத்தனை காலம்.

"கைய விரி," என்றேன்.

"வேணாம்மா."

"விரலெல்லாம் விரிடா."

மணிக்கட்டை யாராவது பிடிக்க வேண்டும் என்றேன். கப்பித்தான் வேண்டுமென்றே வில்லத்தைக் காட்டினார். வில்லம் வந்து பிடித்தான். தையல் போட்ட முகத்தில் கண்ணீர் வழிந்தது. ஆனால் நான் கற்றுக்கொடுத்த மாதிரியே, மணிக்கட்டுக்கு மேலே இரண்டு கையாலும், ஆடாமல் பிடித்தான்.

கட்டைவிரலால் யாக்கோபின் புறங்கையைத் தடவினேன். ஆள்காட்டி விரலின் எலும்புக்கும் நடுவிரலின் எலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடும். அதில் விரல் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கயிறும் இல்லாமல் எலும்பும் இல்லாமல், வெறும் சதையும் தோலுமாக ஓர் இடம் இருக்கிறது. அங்கே கத்தி முனையை வைத்தேன். அலகின் வெட்டு மேலே, விரல் நுனிப் பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் கை கீழே இறங்கும்போது சுத்தமாக வெட்டும். அலகு மரத்தின் நார் ஓடும் வாட்டத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் ஆழமாக இறங்கிப் பிடிக்கும். வைத்தியம் பாதி, தச்சு பாதி. என் நைனாவும் என் புருஷனும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது எல்லாம் அந்த ஒரு நொடிக்குத்தானா என்று நினைத்தேன். சுத்தியலை ஓங்கினேன்.

முதல் அடியில் கத்தி கையைத் துளைத்து மரத்தைத் தொட்டது. யாக்கோபு கத்தவில்லை; மூச்சை உள்ளே இழுத்தான். இரண்டாவது அடியை முழு பலத்தோடு அடித்தேன். கப்பித்தான் வந்து கத்தியின் பிடியை அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை. தலையாட்டிவிட்டு எங்களை விலகி நிற்கச் சொன்னார். வில்லம் கையை விட்டான்.

"இழு," என்றார் யாக்கோபிடம்.

அவன் இழுக்கவில்லை. நெற்றியை மரத்தில் வைத்துக்கொண்டு நின்றான். ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டியது. கால் நடுங்க ஆரம்பித்தது. மயங்கி விழுந்தால் உடம்பு பக்கவாட்டில் சாயும். சாய்ந்தால் கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் நான் விட்டுவைத்த கயிறுகள் எல்லாம் போச்சு. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

"முட்டிய மட்க்குடா! தொங்கு!" என்று கத்தினேன்.

"முடியலம்மா..."

"ஏன் முடியாது? வில்லம் பாட்டப் பிடுங்கினப்ப வந்த கோவம் எங்கடா பூட்சு? கத்தி எடுக்கத் தெரிஞ்சுது, கைய எடுக்கத் தெரியலியா? பசியாவரத்தான் கையாடா இது? தூ!"

அவன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், என்னைப் பார்த்து, நம் கரையில் சொல்கிற வார்த்தை. முழங்கையை உடம்போடு ஒட்டினான். முழங்காலை மடக்கி அப்படியே கீழே தொங்கினான். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவன் தளத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தான். கத்தி மட்டும் மரத்தில் இருந்தது.

வைத்திருந்த துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கை இரண்டு விரலுக்கு நடுவே பிளந்து, எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் ரத்தமாக இருந்தது. விரல் அசைகிறதா என்று பார்க்க விடாமல் அவன் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தான். "காட்டுடா, கண்ணு, காட்டு" என்று கிட்டே போனேன். அந்தக் கையை ஓங்கி என் கன்னத்தில் ஓர் அறை விட்டான்.

ஒரு மாலுமி அவனைப் பிடிக்கப் பாய்ந்தான். வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினேன். காது இரைந்தது. கண்ணெல்லாம் அவன் ரத்தம். கண்ணுக்குக் கீழே கட்டைவிரல் பட்ட இடம் எரிந்தது. தாடையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பட்டிருந்தன. நான் பயந்தது ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும்தான். அவை இரண்டும் கன்னத்து எலும்பிலிருந்து காது வரை, நீட்டமாக, பலமாக, தனித்தனியாக விழுந்திருந்தன. அவன் அடித்த கையை முஷ்டியாக மடக்கிக்கொண்டு என் எதிரே மூச்சு வாங்கினான். ஐந்து விரலும் மடங்கியிருந்தன.

"இன்னொரு தபா அட்றா கண்ணு," என்றேன்.